கண்ணாடிப் பீங்கான் அடுப்பு: வடசென்னையில் அடுப்புத் துப்புரவின் வரலாறு

கண்ணாடிப் பீங்கான் அடுப்பு என்பது தீச்சுடர் இல்லாமல், வழவழப்பான கறுப்புத் தகட்டின் மேல் பாத்திரத்தை வைத்துச் சமைக்கும் மின்னடுப்பு. கண்ணாடியை வார்த்தபின் மீண்டும் கட்டுப்பாடான வெப்பத்தில் சூடாக்கி, அதனுள் நுண்படிகங்களை வளரச் செய்து பெறும் பொருளே கண்ணாடிப் பீங்கான். மேலைநாடுகளில் 1970களில் பரவத் தொடங்கிய இத்தகடு, தமிழகச் சமையலறைக்குப் பெரும்பாலும் இண்டக்‌ஷன் அடுப்பின் மேற்பரப்பாக வந்து சேர்ந்தது.

இத்தகட்டைத் துடைத்துப் பேணும் முறை, மண் அடுப்பிலும் மண்ணெண்ணெய் ஸ்டவ்விலும் கேஸ் அடுப்பிலும் பழகிய முறைகளிலிருந்து வேறுபட்டது. சாம்பலும் கம்பி நாரும் பாத்திரங்களைப் பளபளக்கச் செய்தன. இத்தகட்டை அவை கெடுக்கின்றன. மாதவரம், மணலி, எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் ஆகிய ஊர்களைக் கொண்ட வடசென்னையை மையமாக வைத்து, அடுப்பைத் துடைக்கும் வேலை எவ்வாறு மாறியது என்பதையும், ஒவ்வொரு மாற்றத்திலும் கரி எங்கே போனது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இடப் பின்னணி

சென்னை நகரின் சமையலறைகளுக்கு வேண்டிய மூன்று பொருள்கள் வடசென்னையிலிருந்து கிடைக்கின்றன: பால், எரிவாயு, மின்சாரம்.

மாதவரம் பால்பண்ணை நகரின் பால் வழங்கலோடு பிணைந்த பெயர். நகருக்குள் இருந்த மாடுகளை வெளியே ஓரிடத்தில் வைத்துப் பராமரிக்கும் நோக்கில் உருவான குடியிருப்பு அது. ஆவின் நிறுவனத்தின் பால் பதப்படுத்தும் நிலையம் மாதவரத்தில் உள்ளது. 1989 இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையகமும் மாதவரம் பால்பண்ணையில்தான் அமைந்துள்ளது.

மாதவரத்துக்குக் கிழக்கே உள்ள மணலியில் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969 இல் இயங்கத் தொடங்கியது. இந்திய அரசு, அமெரிக்காவின் அமோக்கோ, ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனம் ஆகிய மூன்றும் கூடி அமைத்த நிறுவனம் அது. 2000 இல் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் எனப் பெயர் மாறியது. இன்னும் வடக்கே எண்ணூரில் 450 மெகாவாட் திறனுள்ள அனல்மின் நிலையம் 1970களில் படிப்படியாக இயங்கத் தொடங்கி 2017 இல் மூடப்பட்டது. அத்திப்பட்டை ஒட்டிய வடசென்னை அனல்மின் நிலையம் 1990களின் நடுவிலிருந்து மின்சாரம் தருகிறது.

மாதவரம் 2011 இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டு அதன் ஒரு மண்டலமாயிற்று.

மண் அடுப்பும் மெழுகுதலும்

எரிவாயு வருவதற்கு முன் வடசென்னை வீடுகளில் எரிந்தது விறகு. பக்கிங்காம் கால்வாய் வழியாகப் படகுகளில் விறகும் கரியும் உப்பும் நகருக்கு வந்தன. கடற்கரையோரம் எரிபொருளுக்காகவே சவுக்குத் தோப்புகள் வளர்க்கப்பட்டன. நகரின் தெருக்களில் விறகு விற்ற கடைகளுக்கு ‘விறகுத் தொட்டி’ என்று பெயர்.

மண் அடுப்பைத் துடைப்பதில்லை, மெழுகுவார்கள். காலையில் முதல் வேலையாக முந்தைய நாள் சாம்பலை வாரி எடுத்தபின், சாணத்தைக் கரைத்து அடுப்பின் மேலும் பக்கங்களிலும் துணியால் பூசுவர். வெப்பத்தால் ஏற்பட்ட வெடிப்புகளைக் களிமண் கொண்டு அடைப்பர். காய்ந்தபின் அடுப்பின் மேல் சிறு கோலம் இடுவதும் வழக்கம். துப்புரவும் பராமரிப்பும் அங்கே ஒரே வேலையாக இருந்தன. மெழுகும்போதெல்லாம் அடுப்பின் மேற்பரப்பு புதிதாகப் பூசப்பட்டதால், கீறலோ கறையோ நிலைத்து நிற்கவில்லை.

வாரிய சாம்பலுக்கும் பயன் இருந்தது. விறகுச் சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட் காரத்தன்மை கொண்டது. எண்ணெய்ப் பிசுக்கை எளிதில் எடுக்கும். தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டுப் பாத்திரம் துலக்கினர். பித்தளைக்கும் செம்புக்கும் புளி. அடிப்பிடித்த பாத்திரத்துக்குச் செங்கல் தூள் அல்லது மணல். ‘தேய்த்தால்தான் சுத்தம்’ என்ற எண்ணம் இந்தப் பொருள்களோடு சேர்ந்து கைப்பழக்கமாயிற்று.

கரியை எடுப்பதுதான் பெரும்பாடு. சமைக்குமுன் பாத்திரத்தின் அடியில் மண்ணையோ சாம்பலையோ குழைத்துப் பூசிவிட்டால், பிறகு கரி பூச்சோடு உரிந்து வரும். சுவரிலும் கூரையிலும் ஒட்டடையோடு படிந்த கரிக்கு அப்படி ஓர் எளிய வழி இல்லை. பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மண்ணெண்ணெய் அடுப்பு

மண்ணெண்ணெய் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விளக்கெரிக்கும் எண்ணெயாகச் சென்னைக்கு வந்தது. துறைமுகத்தை அடுத்து எண்ணெய்த் தொட்டிகள் எழுந்தன. 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சுட்டு எரித்தது அங்கிருந்த பர்மா ஆயில் நிறுவனத்தின் தொட்டிகளையே. அந்தக் குண்டுவீச்சின் நினைவில் ‘எம்டன்’ என்ற சொல் தமிழில் அடாவடிக்காரரைக் குறிக்கும் வழக்காயிற்று.

அழுத்தக் காற்றால் இயங்கும் பம்ப் ஸ்டவ்வை சுவீடனைச் சேர்ந்த லிண்ட்க்விஸ்ட் 1892 இல் உருவாக்கினார். ‘பிரைமஸ்’ என்ற வணிகப் பெயர் உலகெங்கும் அவ்வகை அடுப்புக்கே பெயராயிற்று. இந்தியாவில் பம்ப் ஸ்டவ்வுடன் திரி ஸ்டவ்வும் பரவியது. எரிபொருளை மிச்சப்படுத்தும் ‘நூதன்’ திரி ஸ்டவ்வை இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆய்வு மையம் 1970களில் வடிவமைத்தது. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் கிடைத்ததால் நகரத்து ஏழைக் குடும்பங்களின் முதன்மை அடுப்பாக இது நீடித்தது.

இந்த அடுப்பின் பராமரிப்பு உயிரோடு தொடர்புடையது. பம்ப் ஸ்டவ்வின் நுண்துளை கரியால் அடைபடும். மெல்லிய கம்பி முனை கொண்ட ஸ்டவ் பின்னால் அதைக் குத்திச் சரிசெய்ய வேண்டும். துளை அடைந்திருக்கும்போது மேலும் மேலும் காற்றடித்தால் ஆபத்து. திரி ஸ்டவ்வில் திரிகளை ஒரே உயரத்துக்கு வெட்டாவிட்டால் புகையும் கரியும் மிகும். எரியும் அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதாலும் விபத்துகள் நேர்ந்தன.

‘ஸ்டவ் வெடித்துப் பெண் பலி’ என்ற தலைப்பு 1970களிலும் 80களிலும் நாளிதழ்களில் அடிக்கடி இடம்பெற்றது. அவற்றில் ஒரு பகுதி விபத்துகள் அல்ல, வரதட்சணைக் கொலைகள் என்பதை மகளிர் இயக்கங்கள் வெளிக்கொணர்ந்தன. அதன் விளைவாக 1983 இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவும், 1986 இல் வரதட்சணை மரணம் குறித்த 304பி பிரிவும் சேர்க்கப்பட்டன. திருமணமான ஏழு ஆண்டுகளுக்குள் நேரும் இயற்கைக்கு மாறான மரணத்தில், இறப்பதற்குச் சற்று முன்பு வரதட்சணைக் கொடுமை நடந்தது என்று காட்டப்பட்டால், கணவர் தரப்பே பதில் சொல்ல வேண்டும் என்ற நிலையை இது ஏற்படுத்தியது.

எரிவாயு அடுப்பு

இந்தியாவில் சமையல் எரிவாயு 1950களின் நடுவில் பம்பாயில் பர்மா ஷெல் நிறுவனத்தால் விற்பனைக்கு வந்தது. இந்தியன் ஆயிலின் ‘இண்டேன்’ 1965 இல் தொடங்கியது. மணலி ஆலை செயல்படத் தொடங்கியபின் கச்சா எண்ணெயைப் பிரிக்கும்போது கிடைக்கும் எரிவாயு சென்னைக்கு அருகிலேயே கிடைத்தது. ஆயினும் இணைப்புக்குப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது 1980களிலும் வழக்கமாக இருந்தது. ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு இணைப்புடன் அடுப்பு வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2007 இல் தொடங்கியது. மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே 1 அன்று தொடங்கப்பட்டது.

கேஸ் அடுப்பு வந்ததும் பாத்திரத்தின் அடியில் கரி பிடிப்பது ஏறக்குறைய நின்றுவிட்டது. சுடர் நீலமாக எரிந்தால் எரிதல் முழுமையாக நடக்கிறது. மஞ்சளானால் பர்னரின் துளைகளையும் காற்றுப் புழையையும் சுத்தம் செய்ய வேண்டும். பித்தளை பர்னரைப் புளியில் ஊறவைத்து ஊசியால் துளைகளைக் குத்திவிடுவது வீடுகளில் நிலைபெற்ற பழக்கம். எவர்சில்வர் மேல்தகட்டைக் கம்பி நாராலும் சோப்புப் பொடியாலும் தேய்த்தால் கீறல் விழும். ஆனால் அக்கீறல் அடுப்பின் செயலைக் கெடுக்காது. ஆகவே அதை யாரும் பெரிதாகக் கருதவில்லை.

2000களில் கண்ணாடி மேல்தகடு கொண்ட கேஸ் அடுப்புகள் பரவின. துடைப்பது எளிது என்பதே அவற்றின் விளம்பரம். தமிழகக் குடும்பங்கள் பலவும் கண்ணாடி அடுப்பு என்று முதலில் அறிந்தது இதைத்தான். ஆனால் இது கண்ணாடிப் பீங்கான் அன்று.

கண்ணாடிப் பீங்கானின் தோற்றம்

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் பணியாற்றிய வேதியியலாளர் டொனால்ட் ஸ்டூக்கி, ஒளியுணர் கண்ணாடித் துண்டு ஒன்றை 600 டிகிரி செல்சியஸில் சூடாக்க உலையில் வைத்தார். கட்டுப்பாட்டுக் கருவி பழுதுபட்டு உலை 900 டிகிரி வரை சென்றுவிட்டது. உருகி வழிந்திருக்கும் என்று எதிர்பார்த்துத் திறந்தபோது கண்ணாடி உருகாமல் வெண்ணிறமாகியிருந்தது. இடுக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தபோதும் உடையவில்லை. இதிலிருந்து பிறந்த பொருளைக் கொண்டு 1958 இல் கார்னிங்வேர் பாத்திரங்கள் விற்பனைக்கு வந்தன. 1960களின் நடுவில் அதே நிறுவனம் தட்டையான கண்ணாடிப் பீங்கான் அடுப்பை அறிமுகம் செய்தது. ஜெர்மனியின் ஷாட் நிறுவனம் ‘செரான்’ என்ற பெயரில் அடுப்புத் தகட்டை 1971 இல் வெளியிட்டது.

அடுப்புக்கு ஏற்ற வகை, லித்தியம், அலுமினியம், சிலிக்கான் ஆகியவற்றின் ஆக்சைடுகளால் ஆனது. டைட்டானியம், சிர்க்கோனியம் ஆக்சைடுகள் அதில் படிகம் தோன்றுவதற்கு வித்தாக அமையும். வளரும் படிகங்கள் சூடானால் சற்றே சுருங்கும் இயல்புடையவை. அவற்றைச் சூழ்ந்த கண்ணாடி விரியும் இயல்புடையது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் தகடு சூட்டில் ஏறக்குறைய விரிவதே இல்லை. கொதிக்கும் தகட்டில் குளிர்ந்த நீர் கொட்டினாலும் அது வெடிக்காததற்குக் காரணம் இதுவே.

இக்குடும்பத்தைச் சேர்ந்த ‘சீரோடூர்’ என்ற கண்ணாடிப் பீங்கான், வெப்பநிலை மாறினாலும் வடிவம் மாறாது என்பதால் தொலைநோக்கி ஆடிகளுக்குப் பயன்படுகிறது. வாணியம்பாடியை அடுத்த காவலூரில் 1986 இல் திறக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.34 மீட்டர் விட்டமுள்ள முதன்மை ஆடி சீரோடூரால் ஆனது.

இரண்டு கண்ணாடிகளின் வேறுபாடு

இந்திய வீடுகளில் உள்ள கண்ணாடி கேஸ் அடுப்பின் தகடு வலுவூட்டிய கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பாய்ச்சி மேற்பரப்பை விரைவாகக் குளிர்வித்து இதைச் செய்கிறார்கள். மேற்பரப்பு அழுத்தத்திலும் உட்பகுதி இழுவையிலும் இருப்பதால் இது வலுவானது. ஆனால் ஓர் இடத்தில் உடைந்தால் முழுத் தகடும் சிறு துண்டுகளாகச் சிதறும். கண்ணாடிப் பீங்கான் அவ்வாறு சிதறாமல் கீற்றாக விரிசல் விடும். வெப்ப ஏற்றத்தாழ்வைத் தாங்குவதில் வலுவூட்டிய கண்ணாடியைவிட இது பல மடங்கு மேலானது.

இவ்வேறுபாடு துப்புரவிலும் முக்கியமானது. கேஸ் அடுப்பின் சூடான கண்ணாடித் தகட்டில் ஈரத்துணி போடக் கூடாது. பர்னரைச் சுற்றி அகலமான தோசைக்கல்லை வைத்து நெடுநேரம் சூடேற்றுவதும் ஆகாது. அது ஆறும்வரை காத்திருந்துதான் துடைக்க வேண்டும். கண்ணாடிப் பீங்கானில் ஈரத்தால் விரிசல் விழும் அச்சம் இல்லை. கை சுடும் என்பதற்காகவே ஆற விட வேண்டும். ஒன்றின் விதியை மற்றொன்றுக்குப் பொருத்துவதால்தான் பெரும்பாலான சேதங்கள் நேர்கின்றன.

புலம்பெயர்ந்தோர் சமையலறைகளில்

தமிழரில் இத்தகட்டோடு முதலில் பெருமளவில் பழகியவர்கள் ஐரோப்பாவில் குடியேறிய ஈழத்தமிழர்கள். 1983 ஆம் ஆண்டின் இனக் கலவரத்துக்குப் பின் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, நார்வே போன்ற நாடுகளுக்குச் சென்றவர்கள் தங்கிய வாடகை வீடுகளில் மின்னடுப்பே இருந்தது. தணலுக்கும் சுடருக்கும் பழகியவர்களுக்குத் தட்டையான அடுப்பு புதிது. அடி உருண்ட சட்டி அதில் நிற்காது. புட்டுக்குடமும் மண்சட்டியும் பெட்டியில் கிடக்க, தட்டை அடிப் பாத்திரங்கள் வாங்க நேர்ந்தது.

வாடகை வீட்டைத் திருப்பித் தரும்போது அந்நாடுகளில் வீட்டைச் சோதித்துப் பார்ப்பர். அடுப்பில் கறையோ கீறலோ இருந்தால் முன்பணத்தில் பிடித்தம் வரலாம். எனவே கண்ணாடி அடுப்பைச் சுரண்டும் தகட்டுக்கத்தியும் அதற்குரிய பாற்குழம்பும் அங்கே வீட்டுப் பொருள்களாயின. சென்னையில் இண்டக்‌ஷன் அடுப்பு பரவியபோது அடுப்பு மட்டுமே வந்தது. கத்தியும் குழம்பும் உடன் வரவில்லை.

2012: சிலிண்டர் உச்சவரம்பும் மின்வெட்டும்

இண்டக்‌ஷன் அடுப்பில் தகட்டின் கீழுள்ள செப்புச் சுருள் மாறுகின்ற காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அது பாத்திரத்தின் இரும்பு அடியில் மின்னோட்டத்தைத் தூண்டிப் பாத்திரத்தையே சூடாக்குகிறது. தகடு சூடாவது பாத்திரத்திலிருந்து திரும்பும் வெப்பத்தால் மட்டுமே. ஆகவே சிந்தியது கருகும் அளவு இதில் குறைவு. காந்தம் ஒட்டாத மண்பானை, பித்தளை, செம்பு, அலுமினியம் ஆகியவற்றை இது சூடாக்காது.

2012 செப்டம்பரில் மத்திய அரசு மானிய விலைச் சிலிண்டர்களை ஆண்டுக்கு 6 எனக் கட்டுப்படுத்தியது. இந்த வரம்பு 2013 ஜனவரியில் 9 ஆகவும், 2014 இல் 12 ஆகவும் உயர்த்தப்பட்டது. ஆறு சிலிண்டரில் ஆண்டை ஓட்ட வேண்டிய நிலையில், வெந்நீருக்கும் பாலுக்கும் காபிக்கும் மின்சாரத்தைப் பயன்படுத்தலாம் என்று குடும்பங்கள் இண்டக்‌ஷன் அடுப்பை நாடின. ஆனால் அதே ஆண்டில் தமிழகம் கடும் மின்வெட்டில் இருந்தது. சென்னையில் நாளொன்றுக்கு 2 மணிநேரம். பிற மாவட்டங்களில் அதைப் போலப் பல மடங்கு. இதனால் இந்த அடுப்பு சென்னையில் அன்றாடப் பயனுக்கு உதவியதுபோல் உள்மாவட்டங்களில் உதவவில்லை. கேஸ் அடுப்பை விட்டுவிடாமல், அதன் பக்கத்தில் இரண்டாவது அடுப்பாக வைத்துக்கொள்ளும் வழக்கம் அப்போது உருவானது. 2016 மே மாதம் முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் மின்சாரம் கட்டணமின்றிக் கிடைப்பதும் இவ்வழக்கம் நிலைக்க உதவியது.

பொங்கிய பால்

தமிழ் வழக்கில் பால் பொங்குவது மங்கலம். புதுமனை புகும்போது முதலில் பால் காய்ச்சுகிறார்கள்; அது பானையின் விளிம்பைத் தாண்டி வழிய வேண்டும். தைப்பொங்கலன்று பால் பொங்கும்போது ‘பொங்கலோ பொங்கல்’ என்று கூவுகிறார்கள். மண் அடுப்பில் வழிந்த பால் சாம்பலில் கலந்து மறுநாள் மெழுகுதலோடு போய்விடும். கேஸ் அடுப்பில் அது பர்னரின் துளைகளை அடைக்கும், தேய்த்தால் போகும். கண்ணாடிப் பீங்கானில் நடப்பது வேறு.

பால் சூடேறும்போது அதன் புரதமும் கொழுப்பும் மேலே ஏடாகத் திரண்டு நீராவியை அடைக்கின்றன. ஆவி ஏட்டைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவதே பொங்குதல். வழிந்த பாலின் புரதம் தகட்டில் ஒட்டிக் கருகும். வெறும் பாலானால் ஆறியபின் ஊறவைத்து எடுத்துவிடலாம். சர்க்கரையோ வெல்லமோ கலந்திருந்தால் நிலைமை கடினம். உருகிய சர்க்கரை தகட்டோடு இறுகப் பற்றிக்கொள்கிறது. ஆறும்போது சர்க்கரை சுருங்குகிறது, தகடு சுருங்குவதில்லை. அந்த இழுவையில் தகட்டின் மேல்தோல் சில்லுகளாகப் பெயர்ந்து குழிகள் விழும். வெப்பத்தில் விரியாமை என்ற அதன் சிறப்பே இங்கே அதற்கு எதிராகிறது. விழுந்த குழியைச் சரிசெய்ய வழியில்லை; தகட்டையே மாற்ற வேண்டும்.

ஆகவே சர்க்கரைப் பொங்கல், பாயசம், வெல்லப்பாகு, ஜாம் போன்றவை சிந்தினால் உடனே அடுப்பை நிறுத்தி, பாத்திரத்தை நீக்கி, தகடு சூடாக இருக்கும்போதே சுரண்டி எடுத்துவிட வேண்டும். ‘ஆறட்டும், பிறகு தேய்க்கலாம்’ என்ற பழைய விதி பொருந்தாத இடம் இது ஒன்றுதான். உருகி ஒட்டிய பிளாஸ்டிக் தாளுக்கும் இதே விதி. முற்றத்தில் மூன்று கல் வைத்துப் பொங்கலிடும் வழக்கத்தை வைத்திருக்கும் வீடுகள், தெரியாமலே தங்கள் கண்ணாடி அடுப்பையும் காத்துக்கொள்கின்றன.

துடைக்கும் முறை

அன்றாடத் துப்புரவுக்கு ஈரமான மென்துணியும் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவமும் போதும். துடைத்தபின் வேறு ஈரத்துணியால் சோப்பை முழுவதும் நீக்கி, உலர்ந்த துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். சோப்பு எஞ்சினால் அடுத்த சமையலில் அது வேறு கறையாகச் சுடப்படும்.

கருகிய கறைக்கு ஆப்ப சோடாவைக் குழைத்துப் பூசி, அதன்மேல் ஈரத்துணி போட்டுக் கால் மணிநேரம் விட வேண்டும். பாத்திரத்தை ஊறப்போடுவது போல அடுப்பை ஊறப்போட முடியாததால் துணியே அந்த வேலையைச் செய்கிறது. பிறகும் எஞ்சினால் தகட்டுக்கத்தியை 30 முதல் 45 டிகிரி சாய்வில், முழு விளிம்பும் படும்படி வைத்துத் தள்ள வேண்டும். கத்தியின் முனை குத்தினால் கீறும். துருப்பிடித்த, பல்விழுந்த கத்தி ஆகாது.

கம்பி நார், பாத்திரம் துலக்கும் பொடி, சாம்பல், செங்கல் தூள், மணல் ஆகியவை கூடாது. இதன் காரணம் கடினத்தன்மையில் உள்ளது. மோ அளவுகோலில் கண்ணாடிப் பீங்கான் ஏறத்தாழ 6. மணலிலுள்ள குவார்ட்ஸ் 7. எனவே பாத்திரத்தின் அடியில் ஒட்டிய ஒரு மணற்பரலும் தகட்டைக் கீறும். கடற்கரையோர வீடுகளிலும், கற்பொடிக் கோலமாவு புழங்கும் வீடுகளிலும் பாத்திரத்தின் அடியைத் துடைத்துவிட்டு வைப்பது நல்லது. சொரசொரப்பான இரும்புத் தோசைக்கல்லை இழுக்காமல் தூக்கி வைக்க வேண்டும்.

கீறல் போலத் தெரியும் சாம்பல் நிறக் கோடுகள் எல்லாம் கீறல்கள் அல்ல. அலுமினியம் முதலிய மென்மையான உலோகங்கள் தகட்டில் உரசித் தங்கள் துகளைப் படிய விடுகின்றன. விரலால் தடவினால் பள்ளம் தட்டுப்படாது. எலுமிச்சைச் சாறோ வினிகரோ, அல்லது கண்ணாடி அடுப்புக்கென விற்கும் குழம்போ இவற்றை நீக்கும். அமோனியா கலந்த சன்னல் துடைப்பான், குளோரின் வெளுப்பான் ஆகியவற்றைத் தவிர்க்கும்படி தயாரிப்பாளர்கள் கூறுகின்றனர்.

விரிசல் கண்டால் மின் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். விரிசல் வழியே நீர் உள்ளே இறங்கினால் மின்னதிர்ச்சி ஏற்படலாம்.

தண்ணீரும் கடற்காற்றும்

வடசென்னைக்கென்று இரண்டு கூடுதல் சிக்கல்கள் உண்டு. முதலாவது தண்ணீர். மீஞ்சூர் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்தது பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட செய்தி. காட்டுப்பள்ளியில் 2010 இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. அதன் பின்னும் பல வீடுகளில் துடைக்கவும் கழுவவும் ஆழ்குழாய் நீரே புழங்குகிறது. அந்த உப்பு நீரால் துடைத்துவிட்டுத் தானாகக் காய விட்டால் தகட்டில் வெண்ணிறப் புள்ளிகள் நிற்கும். அவை அடுத்தடுத்த சூட்டில் இறுகும். எலுமிச்சைச் சாறு அவற்றைக் கரைக்கும். உலர்ந்த துணியால் உடனே துடைப்பது அவை வராமலே தடுக்கும்.

இரண்டாவது உப்புக் காற்று. இண்டக்‌ஷன் அடுப்பின் அடியில் உள்ள விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுத்துச் சுருளைக் குளிர்விக்கிறது. காற்றோடு தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமும் உட்செல்கின்றன. கரப்பான்பூச்சியும் அந்தச் சூட்டை நாடுகிறது. மாதந்தோறும் மின்செருகியைக் கழற்றிவிட்டு, அடிப்புறக் காற்றுத் துளைகளை உலர்ந்த தூரிகையால் சுத்தம் செய்ய வேண்டும். அடுப்பின் கீழே துணியோ செய்தித்தாளோ விரித்தால் காற்று அடைபடும்.

துடைப்பவர்

அடுப்பை வாங்குபவரும் துடைப்பவரும் பல வீடுகளில் ஒருவரல்லர். சென்னையின் நடுத்தர வீடுகளில் பாத்திரம் துலக்கி அடுப்படி கழுவுவது வீட்டுவேலைக்கு வரும் பெண்கள். கம்பி நாரும் பொடியும் கொண்டு வேகமாகத் தேய்த்துப் பழகிய கைக்குப் புதிய தகட்டின் விதிகளை யாரும் சொல்வதில்லை. பயன்பாட்டுக் குறிப்பேடு பெட்டியோடு பரணுக்குப் போய்விடுகிறது. கீறல் விழுந்தபின் பழியோ சம்பளப் பிடித்தமோ அவர்கள் மேல் விழுகிறது. வீட்டுப் பணியாளர்களுக்கான நலவாரியம் தமிழகத்தில் 2007 இல் அமைக்கப்பட்டது. ஆனால் சமையலறைக்குள் நிகழும் இத்தகைய தகராறுகள் வெளியே வருவது அரிது.

மண் அடுப்பை மெழுகும் அறிவு தாயிடமிருந்து மகளுக்கு வந்தது. கண்ணாடி அடுப்பைத் துடைக்கும் அறிவு கடையிலிருந்து வர வேண்டும். அது பெரும்பாலும் வருவதில்லை. மென்துணி, ஆப்ப சோடா, தகட்டுக்கத்தி ஆகிய மூன்றையும் வாங்கி வைத்து, ஒருமுறை செய்து காட்டுவது அடுப்பை வாங்கியவரின் பொறுப்பு.

கரி சென்ற இடம்

விறகிலிருந்து மின்சாரம் வரையிலான மாற்றத்தால் சமையலறைப் புகை குறைந்தது. அதை நேரடியாகச் சுவாசித்த பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இது பெரிய விடுதலை. ஆனால் வடசென்னையில் இருந்து பார்த்தால் கணக்கு அதோடு முடிவதில்லை. கண்ணாடித் தகட்டுக்கு வரும் மின்சாரத்தின் ஒரு பகுதி நிலக்கரியை எரித்துப் பெறுவது. அந்தச் சாம்பல் நீரோடு கலந்து குழாய்கள் வழியே செப்பாக்கத்தை அடுத்த சாம்பல் குளத்துக்குச் செல்கிறது. குழாய்க் கசிவுகளால் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் சாம்பல் படிந்து, மீன்பிடியும் இறால்பிடியும் பாதிக்கப்பட்டதை எதிர்த்து மீனவர்கள் நீண்டகாலமாகப் போராடி வருகின்றனர்; வழக்குகள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றுள்ளன.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. படகுகளும் வலைகளும் வீட்டுச் சுவர்களும் கறுத்தன. அப்போது மீனவர்களே படகில் சென்று எண்ணெயைக் கையால் மொண்டு எடுத்தனர். ஒரு காலத்தில் விறகுப் படகுகள் நகருக்கு வந்த கால்வாய் அது.

மண் அடுப்புக் காலத்தில் ஒரு வீட்டின் கரியை அந்த வீட்டினரே துடைத்தனர். இன்று மாதவரத்திலோ மயிலாப்பூரிலோ ஒரு கண்ணாடித் தகடு ஈரத்துணியின் இரண்டு இழுப்பில் பளபளக்கிறது. அதற்குரிய சாம்பலை எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டி வாழ்பவர்கள் தங்கள் வலையிலிருந்து உதறுகின்றனர்.